கழற்றப்படும் கூரைகள் எங்கே போகின்றன?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வீடமைப்புப் பற்றிப் பேசப்படும்போதெல்லாம், எத்தனை வீடுகள் என்ற கேள்வியே முன்வைக்கப்படுகின்றது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோதும் அவ்வாறே. கழற்றப்படும் பழைய லயன் கூரைகள் எங்கே போகின்றன என்ற கேள்வி அரிதாகவே எழுகின்றது.

தகரத்துக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ் போடப்பட்ட லயன்கள் பல. அத்தகடுகள் கழற்றப்பட்ட பின்னர் குசினிக்கும் கோழிக்கூட்டுக்கும் வேலிக்குமாக வெட்டப்படுகின்றன. வறுமையில் எதுவும் வீசப்படுவதில்லை. மீள்பயன்பாடு நல்ல பழக்கமே. ஆனால் எல்லாப் பொருளுக்கும் அது பொருந்தாது.

சீமெந்திலோ பிளாஸ்டிக்கிலோ இழையைப் பிணைத்துச் செய்யப்படும் கூட்டுப்பொருள்களை மீண்டும் பிரித்தெடுப்பது கடினம். கண்ணாடி இழைப் படகை உருக்கி மறுபடியும் படகாக்க முடியாது. எனினும் ஜெர்மனியில் காற்றாலை இறக்கைகளைத் துண்டாக்கிச் சீமெந்துச் சூளையில் பயன்படுத்துகின்றனர். அஸ்பெஸ்டஸுக்கு அத்தகைய எளிய வழியில்லை. அதை வெட்டினாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்குகின்றன. நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் செல்லலாம். அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குபவை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் அதை முற்றாகத் தடைசெய்தது.

இலங்கையும் 2018 ஜனவரி முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. ஆனால், நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா, 2017 டிசம்பரில் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி இலங்கைத் தேயிலைக்குத் தடை விதித்தது. கொழும்பு தனது கட்டுப்பாட்டைத் தளர்த்த முன்வந்தது. சில நாட்களில் தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிப்பவர்களின் தேயிலைக்கு அவர்களது கூரையே விலையானது.

2016 இல் அரநாயக்கவிலும் 2017 இல் இரத்தினபுரியிலும் நேர்ந்த அனர்த்தங்கள் காட்டியவாறு, இம்மாகாணத்தில் வீடுகள் ஒரே நாளில் இடிபாடாகிவிடலாம். அந்த இடிபாட்டை அள்ளுபவர் தோட்டத் தொழிலாளியாயினும் மாவனல்லை முஸ்லிம் இளைஞராயினும் அயற்கிராமச் சிங்களவராயினும் சுவாசிக்கும் தூசி ஒன்றே.

ஆகவே, வீடமைப்புத் திட்டம் ஒவ்வொன்றின் மதிப்பீட்டிலும் பழைய கூரையை அகற்றும் செலவு சேர்க்கப்பட வேண்டும். தகட்டை நனைத்து, உடைக்காமல் கழற்றி, நன்கு பொதிந்து, ஒதுக்கப்பட்ட இடத்தில் புதைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் ஏற்க வேண்டும். அதுவரை, சிதையாத தகட்டை வெட்டாமலும் துளைக்காமலும் உரசிக் கழுவாமலும் விடுவதே பாதுகாப்பாகும். புதிய வீட்டின் திறப்பைக் கையளிப்பவர்கள் பழைய கூரைக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.