ஊர் காணும் ஓவியம்

திருப்பரங்குன்றத்து முருகனை வழிபடச் சென்ற பண்டை மக்கள், வழிபாடு முடிந்தவுடன் வீடு திரும்பவில்லை. அக்குன்றில் ஓவியங்கள் தீட்டப்பெற்ற மண்டபம் ஒன்று இருந்தது. எழுத்துநிலை மண்டபம் என்பது அதன் பெயர். வானத்துக் கோள்களின் நிலையைக் காட்டும் ஓவியத்தின்முன் சிலர் நின்றனர். காமனும் இரதியும் எழுதப்பெற்ற இடத்தில் வேறு சிலர் கூடினர். அகலிகையின் கதையைக் காட்டும் ஓவியத்தருகே, பூனை வடிவில் இருப்பவன் யார், சினந்து நிற்கும் முனிவர் யார் என்று அறியாதார் வினவினர். அறிந்தார் சுட்டிக் காட்டி விளக்கினர். எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய பரிபாடலில், நப்பண்ணனார் பாடிய 19-ஆம் பாடல் இக்காட்சியை நம் கண்முன் நிறுத்துகின்றது.

அம்மண்டபத்தில் நின்றவர்கள் கலை நுணுக்கம் கற்றவர் என்று புலவர் கூறவில்லை. அவர்கள் மலைக்கு வந்த பொதுமக்கள். ஓவியத்தைத் தேடி அவர்கள் செல்லவில்லை. அவர்கள் செல்லும் வழியில் ஓவியம் இருந்தது. கண்டனர், கேட்டனர், பேசினர். படம் பார்ப்பது அன்று தனி ஒருவர் செயலாக இல்லாமல் ஊரார் கூடிச் செய்யும் செயலாக இருந்தது. அவ்வோவியங்களை எழுதியவர் பெயரை மட்டும் புலவர் கூறாது விட்டார். அது ஒரு குறையே.

இன்று ஓவியக் கண்காட்சி என்றால் பெருநகரமே நினைவுக்கு வருகின்றது. குளிரூட்டிய கூடம், வெண்ணிறச் சுவர், மெல்லப் பேசும் சிலர் என்பதே அதன் தோற்றம். அங்கே நுழைவதற்குக் கட்டணம் இல்லை என்றாலும் எளிய மக்கள் நுழையத் தயங்குகின்றனர். சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் வாழும் ஓவியர்களோ தம் படத்தை வைக்க ஒரு சுவர் இன்றி இருக்கின்றனர். இந்நிலை மாறவேண்டுமானால், மக்கள் நாள்தோறும் கூடும் இடத்திற்கு ஓவியம் வரவேண்டும். அதனைத் தொடங்குவதற்குத் திருத்தணிகை போன்ற ஓர் ஊர் மிகவும் பொருத்தமானது.

திருத்தணிகை முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. ஆண்டின் நாள்களை நினைவூட்டுமாறு 365 படிகள் மலையேறுகின்றன. ஆடிக் கிருத்திகையன்று பூக்காவடி ஏந்திவரும் கூட்டத்தால் படிகளே தெரியாமற் போகும். தமிழர் மட்டும் அல்லர். ஆந்திர நாட்டு மக்களும் திரளாக வருகின்றனர். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், நீண்ட எல்லைப் போராட்டத்திற்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக் கோடு மாறியபோதும் கடைத்தெருவில் இருமொழியும் ஒலிப்பது மாறவில்லை. மெய்யறிஞர் இராதாகிருஷ்ணன் 1888-ஆம் ஆண்டில் பிறந்ததும் இவ்வூரிலேயே.

இத்தகைய ஊரில் ஓவியர் எங்கே இருக்கின்றனர் என்று சிலர் வினவலாம். கோபுரத்துச் சுதை உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவோர் ஓவியர் அல்லரோ? பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர் ஓவியர் அல்லரோ? இவ்வட்டாரத்தில் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்கள் நெசவுக்குப் பேர் பெற்றவை. சேலைக் கரைக்குப் பூவும் கொடியும் வகுக்கும் கைக்கு ஓவியம் அயலானது அன்று. கடைப் பலகைகளில் எழுத்தும் படமும் எழுதி வாழ்ந்தவர் பலர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர். கணினியில் அச்சிடும் ஃபிளெக்ஸ் பதாகைகள் வந்தபின் அவர்களிற் பெரும்பாலோர் தூரிகையை எடுத்து வைத்துவிட்டு வேறு தொழிலுக்குச் சென்றனர். சுவரும் பலகையும் போனபின், அக்கைகள் கற்ற திறமை எங்கே போகும்? ஊரார் காணும் இடம் ஒன்று இல்லையென்றால், அது அவர்களோடே மறையும்.

கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு என்னும் ஓவியரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 1898-இல் பிறந்த அவர் சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். பின்பு நாடகக் குழுவினரோடு சேர்ந்து திரைச்சீலைகள் எழுதினார். அரண்மனையும் காடும் தெருவும் அவர் தூரிகையில் தோன்றின. நாடகக் கொட்டகையில் அமர்ந்திருந்த மக்களே அவருடைய முதற் பார்வையாளர்கள். காலம் மாறி நாடகம் நலிந்தது. அவரும் அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாகி வீடுதோறும் சென்றன. 1976-இல் அவர் மறைந்தார். முருகனை மனத்தில் நினைக்கும்போது பலருக்குத் தோன்றும் முகத்தில் அவ்வோவியர் குழுவின் கைவண்ணம் ஓரளவேனும் கலந்திருக்கும். ஆயினும் அப்படத்தைக் கும்பிட்டவர்களுள் அவர் பெயர் அறிந்தவர் எத்தனை பேர்? படம் மட்டும் மக்களிடம் சென்று, எழுதியவர் மக்கள்முன் நில்லாமையால் நேர்ந்த இழப்பு இது. பொதுவிடக் கண்காட்சி இந்த இழப்பை ஈடுசெய்யும். படத்தின் அருகே படத்தை எழுதியவரும் நிற்பார்.

ஓவியர் வாழவும் வேண்டும். புகழுரை உலை கொதிக்க உதவாது. இதனை நன்கு உணர்ந்தவர் சென்னை அரசினர் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர். நன்கு பயின்று வெளியேறிய மாணவர்கள் வருவாய் இன்றி ஓவியத்தைக் கைவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். அவரும் மாணவரும் நண்பரும் கூடி மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு கடற்கரையோரத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டலக் கலைஞர் சிற்றூர் உருவாயிற்று. கைவினையால் வயிற்றை நிரப்பி, ஓவியத்தை மனம்போல் எழுதலாம் என்பதே அவர்கள் கண்ட வழி. கண்காட்சிக் கூடத்தையும் திறந்தவெளி அரங்கையும் தாமே அமைத்துக்கொண்டனர். புரவலரை எதிர்நோக்கி அவர்கள் காத்திருக்கவில்லை. திருத்தணிகைப் பகுதியினர் நிலம் வாங்க வேண்டுவதில்லை. கூட்டுறவு என்னும் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

சிற்றூர் ஓவியங்கள் தரம் குறைந்தவை. அவற்றைப் பொதுவில் வைத்தால் மக்களின் சுவை கெடும் என்பர் ஒரு சாரார். இக்கூற்றில் சிறிதும் உண்மை இல்லை என்று தள்ளுவதற்கில்லை. முதற் கண்காட்சியில் நல்ல படம் பத்துக்கு இரண்டு இருந்தாலே பெரிது. ஆனால் ஒருவர் எழுதிய படத்தை மற்றொருவர் எழுதிய படத்தின் அருகே வைத்துப் பார்க்கும்போதுதான் குறை எது, நிறைவு எது என்பது எழுதியவருக்கே விளங்கும். வீட்டுக்குள் உறவினர் மட்டும் பார்த்துப் பாராட்டும் படம் வளர்வதில்லை. பாடகன் அவையில் பாடித் தேர்ச்சி பெறுகின்றான். ஓவியனுக்கு மட்டும் அவை வேண்டாமா?

பெங்களூரில் இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. அங்குள்ள கர்நாடகச் சித்திரகலா பரிஷத்து சித்திரச் சந்தை ஒன்றை நடத்திவருகின்றது. சனவரியில் ஒரு நாள் குமாரகிருபா சாலையில் ஊர்திகள் நிறுத்தப்படுகின்றன. சாலையின் இருமருங்கும் ஓவியர்கள் தம் படங்களை விரிக்கின்றனர். பல மாநிலத்தாரும் வருகின்றனர். பெயர் பெற்றவரும் மாணவரும் அடுத்தடுத்து அமர்கின்றனர். எளிய விலையில் சிறு படம் ஒன்றை வாங்கிச் செல்லும் குடும்பத்தையும் அங்கே காணலாம். தரம் குறைந்த படங்கள் அங்கும் உண்டு. அதனால் அந்நகரத்தின் கலைச்சுவை கெட்டுவிடவில்லை.

இடம் எது என்பதில் மட்டும் கருத்து வேண்டும். கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தாளையும் துணியையும் கெடுக்கும். மேலும் கோயிலுக்குள் தெய்வ உருவங்களே பொருந்தும். தறியில் அமர்ந்த நெசவாளியையும், கூடை சுமந்து படியேறும் பூக்காரியையும், புகைவண்டி நிலையத்துக் காலைப் பொழுதையும் எழுத விரும்பும் இளைஞனுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. ஆதலால் அடிவாரத்தில் உள்ள பள்ளிக் கூடமோ, நூலகமோ, சத்திரமோ ஏற்றது. வெயில் நேரே படாத சுவரும், காற்றோட்டமும், மழை ஒழுகாத கூரையும் இருந்தால் போதும்.

எல்லைப்புறத்து ஊர் என்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. திருத்தணிகைக்கு வடக்கே இருப்பது காளத்தி. அங்குள்ள கலம்காரி ஓவியர்கள் கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் மூங்கில் எழுதுகோலால் இராமாயண, பாரதக் கதைகளை வரிசை வரிசையாக எழுதுகின்றனர். இரும்பும் வெல்லமும் நாட்பட ஊறிய நீரே அவர்களின் கருப்பு மை. கோயில்களில் தொங்கவிட்டு மக்களுக்குக் கதை சொல்லவே அத்துணிகள் முதலில் எழுதப்பட்டன. நலிந்துபோன அக்கலைக்கு, கமலாதேவி சட்டோபாத்தியாயாவின் முயற்சியால் 1950-களில் மீண்டும் உயிர் வந்தது. அவ்வோவியர் ஒருவர் தம் துணியைத் திருத்தணிகையில் விரித்தால், நெசவூர் இளைஞர் அதனருகே நெடுநேரம் நிற்பர் என்பதில் ஐயம் இல்லை.

புதிய வழக்கம் பழைய ஊரில் வேரூன்றுமா என்ற ஐயம் எழலாம். திசம்பர் 31-ஆம் நாள் இரவில் திருத்தணிகையில் நடக்கும் படித்திருவிழா தொன்றுதொட்டு வருவது என்று பலர் எண்ணுகின்றனர். அது 1917-இல் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியது. ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைய அதிகாரிகளைக் கண்டு வாழ்த்துக் கூறச் சென்ற மக்களை அவர் படியேறி முருகனைக் காண அழைத்தார். இன்று படிதோறும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடி ஏறுவோர் பலராவர். ஓர் எண்ணம் ஊர் வழக்கமாவதற்கு நூற்றாண்டுகள் பல தேவைப்படவில்லை.

அவ்விழாவிற்கு வருவோர் பலர் மலையிறங்கி ஊர்திக்காகக் காத்திருப்பர். அடிவாரத்துப் பள்ளியின் கூடம் அந்நேரம் திறந்திருக்கட்டும். முதலாண்டில் இருபது படங்கள் போதும். சுவரில் ஆணி அறைய வேண்டாம்; கயிறு கட்டித் தொங்கவிடலாம். விலை குறிக்க விரும்புவோர் குறிக்கட்டும், விரும்பாதோர் விடட்டும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் எழுதியவர் பெயரும் ஊரும் மட்டும் தெளிவாக இருத்தல் வேண்டும், தமிழிலும் தெலுங்கிலும்.