வீட்டு வண்டியில் கைவைக்கும் முன்...

ஆட்டோ கியர்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு மேனுவல் பொருத்துவது, பழைய வீரா, சத்ரியா வைத்திருக்கும் நம் மாணவர்களிடையே ஒரு வீரச்செயல். நானும் அதற்கு வக்காலத்து வாங்கியவன்தான். இப்போது சற்றுத் தயங்குகிறேன்.

எங்கள் வீட்டு மகிழுந்து புரோட்டோன் வீரா. ஒருநாள் கியர் வழுக்கத் தொடங்கியது. இயந்திரம் அலறும், வண்டி நகராது. "ஆட்டோவப் பிரிச்சு செய்யறதுக்கு மேனுவலே போட்டுடலாண்ணே, பாதிக் காசுதான்" என்றார் பட்டறைக்காரர். அப்பா என்னைப் பார்த்தார். நான் உடனே தலையாட்டினேன். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

பாதிக் காசு என்பது பெட்டிக்கு மட்டும்தான், நண்பர்களே! ஆட்டோவில் இயந்திரத்தின் பின்புறம் இருப்பது மெல்லிய தகடு. அதை எடுத்துவிட்டுக் கனமான ஃபிளைவீல் வேண்டும். அதன்மேல் கிளட்ச் தட்டு, மூடி, பேரிங். உள்ளே மூன்று மிதிகளுக்கான சட்டம், கிளட்ச் கேபிள், கியர்க்கோல். இவற்றை மேனுவலாக ஓடிய ஒரே வண்டியிலிருந்து மொத்தமாக எடுப்பதே புத்திசாலித்தனம். நாங்கள் துண்டு துண்டாக வாங்கினோம். எது எதோடு பொருந்தும் என்று தேடியே மூன்று வாரம் போயிற்று.

பிறகு மின்கம்பி. ஆட்டோ வண்டி 'பி' அல்லது 'என்' நிலையில் இருந்தால்தான் முடுக்கப்படும். அதைப் பார்த்துக்கொள்ளும் சுவிட்ச் பழைய பெட்டியோடு போய்விடுகிறது. பட்டறையில் இரண்டு கம்பிகளை முறுக்கி இணைத்துவிட்டார்கள். கியரில் நிற்கும் வண்டியில் கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் பாயும். எங்கள் வாசல் கதவு இன்றும் நெளிந்துதான் இருக்கிறது. கிளட்ச் மிதியில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தால் தப்பியிருக்கும்.

அதெல்லாம் போகட்டும். அம்மாவிடம் இருப்பது 'டிஏ' உரிமம். ஆட்டோ மட்டுமே ஓட்டலாம். நாற்பத்தாறு வயதில் பயந்து பயந்து எடுத்த உரிமம். தம்பியை டியூஷனுக்கும் பாட்டியை மருத்துவமனைக்கும் அவர்தான் கூட்டிப்போவார். ஒரு வண்டிதான் வீட்டில். அதன் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, பணம் மிச்சம் என்று நாங்கள் மகிழ்ந்தோம்! அம்மா எதுவும் சொல்லவில்லை. பாட்டியோடு வாடகைக் காரில் போய்வந்தார்.

மேனுவல் ஓட்டும் இன்பத்தை நான் மறுக்கவில்லை. உங்கள் சொந்த வண்டியென்றால் தாராளமாகச் செய்யுங்கள். குடும்ப வண்டியென்றால், எல்லாருடைய உரிமத்தையும் முதலில் மேசையில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'டிஏ' என்றிருந்தால், செலவானாலும் ஆட்டோவையே பழுது பாருங்கள்.

சென்ற மாதம் அம்மா 'டி' உரிமத்துக்குப் பதிந்துகொண்டார். கட்டணம் என்னுடையது. வாடகைக் கார்க் காசையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். பட்டறையில் மிச்சம் பிடித்ததில் ஒரு வெள்ளிகூடத் தேறவில்லை.