கொல்லாமலே அடக்கலாம்

காய்ச்சல் கண்ட பிள்ளை இளைத்துப் போவதைத் தோட்டத்துத் தாய்மார்கள் அறிவார்கள். தின்ற சோறு நோயோடு போராடவே சரியாகிவிடும், வளர்ச்சிக்கு மிஞ்சாது. பூச்சிகளுக்கும் இதே கணக்குதான். நோயை எதிர்க்கச் செலவாகும் சக்தி, வளர்ச்சியிலும் முட்டையிலும் குறைகிறது.

இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டையே எடுத்துக்கொள்வோம். அதைத் தாக்கும் வைரஸை ஹூகர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1963இல் நம் மலேசியாவில்தான் கண்டுபிடித்தார். நோய் கண்ட வண்டு உடனே சாவதில்லை. குடல் கெட்டுத் தீனி குறைகிறது, முட்டையிடுவது நிற்கிறது, போகுமிடமெல்லாம் நோயைப் பரப்புகிறது. 1967இல் மேற்குச் சமோவாவில் இந்த வைரஸைப் பரப்பியபின் தென்னைச் சேதம் வெகுவாகக் குறைந்தது.

மறுநடவில் வெட்டிய மரங்களை மக்கப் போட்டுவிட்டு, வண்டு பெருகியதும் மருந்துப் பம்பைப் பெண்களின் முதுகில் ஏற்றுவது என்ன நியாயம்? நிர்வாகங்களைக் கேட்கிறோம்: மரத்தண்டைப் பொடியாக நறுக்கிப் பரப்புங்கள், மூடுபயிரைச் சீக்கிரம் படரவிடுங்கள், வைரஸுக்கும் பூஞ்சணத்துக்கும் வழிவிடுங்கள். விஷம் கடைசியாகவே இருக்கட்டும்.

தொழிலாளர்களே, கையுறையும் முகமூடியும் இல்லாமல் பம்பைத் தொடாதீர்கள். கேட்டு வாங்குங்கள், அது சலுகையல்ல, உங்கள் உரிமை!