முதல்ல நீச்சல், அப்புறம் சைக்கிள்

ட்ரையத்லான்னு சொன்னதும் நம்ம பசங்க கேக்குற முதல் கேள்வி, "எந்த சைக்கிள் வாங்கலாம்?" ஆனா முதல் சீசன்ல பலரைத் திணறடிக்கிறது நீச்சல்தான். 2019-ல் கோவாவில் நடந்த இந்தியாவின் முதல் அயர்ன்மேன் 70.3-ஐ எடுத்துக்குங்க: கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இந்த வகைப் போட்டியில் 70 நிமிஷத்துல நீந்தி முடிக்கலைன்னா அங்கேயே அவுட். லட்ச ரூபாய் சைக்கிள் ஸ்டாண்டிலேயே நிற்கும்.

ஓடுறதுக்கு பெசன்ட் நகர் பீச், சைக்கிளுக்கு ஈ.சி.ஆர்., ரெண்டுக்கும் காசு வேண்டாம். நீச்சலுக்கு? மயிலாப்பூர்லேர்ந்து நடந்தே கடலுக்குப் போயிடலாம். ஆனா மெரினா அலையில் நீச்சல் பழகுறது உயிருக்கே ஆபத்து. மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் மாதிரி பொதுக் குளங்கள் இவ்வளவு பெரிய ஊருக்குப் பத்தாது. அதனாலதான் இது காசு இருக்கறவங்க விளையாட்டா தெரியுது.

முதல் சீசனுக்கு ஸ்ப்ரின்ட் போதும்: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். வீட்டுல இருக்கற சைக்கிளே தாங்கும். புது சைக்கிளுக்கு வெச்ச காசை நீச்சல் பயிற்சிக்குப் போடுங்க. கல்லூரிகளும் அடுத்த கட்டடத்துக்கு முன்னாடி ஒரு 25 மீட்டர் குளம் கட்டட்டும். கடலோர ஊர்ல நீச்சல் தெரியாம டிகிரி வாங்கிட்டுப் போறது சரியில்ல.