முட்டி வீக்கம் வடிந்தால் போதுமா?

கபடியில் ரெய்டு போனவர் நடுக்கோட்டை நோக்கிச் சட்டென்று திரும்புகிறார். பாதம் ஊன்றியபடியே நிற்க, உடல் மட்டும் சுழல்கிறது. முட்டிக்குள் ‘டொக்’கென்று ஒரு சத்தம். பல நேரம் எதிரணியினர் அவரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடுகிறது.

இப்படி நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது முன்சிலுவை ஜவ்வை. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் தொடை எலும்போடு பிடித்து வைத்திருப்பது அதுதான். ஆனால் சில வாரங்களில் வீக்கம் வடிகிறது, நடக்கவும் முடிகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஜவ்வுக் கிழிசல் எக்ஸ்ரேயில் தெரியாது. மருத்துவர் முட்டியைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அது நடக்காமல், சுளுக்குதான் என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டு வீரர் அடுத்த போட்டிக்குப் போய்விடுகிறார். நேராக ஓடினால் தொல்லை இல்லை. திரும்பும்போதுதான் முட்டி பிடிமானம் இழந்து மடங்குகிறது. அப்படி மடங்க மடங்க, உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டும் கிழியலாம். முதல் காயத்தைவிட இந்த இரண்டாவது சேதத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன். ஏனென்றால் இது தவிர்க்கக்கூடியது.

எல்லாக் காயமும் ஒரே நொடியில் வருவதல்ல. வேகப்பந்து வீச்சாளரின் கீழ்முதுகு எலும்பில் விழும் விரிசல் மெல்ல மெல்லச் சேர்வது. முதுகுக் காயத்தால்தான் இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ரா 2022 டி20 உலகக் கோப்பையில் ஆடவில்லை. இத்தகைய விரிசலுக்கு ஓய்வும், வீசும் ஓவர்களைக் குறைப்பதும்தான் வழி.

முட்டிக்குத் திரும்புவோம். குதித்து இறங்கும்போது முட்டி உட்பக்கமாகச் சாய்வதும், தொடையின் பின்தசை வலுவில்லாமல் இருப்பதும் ஜவ்வுக்கு ஆபத்து. இரண்டையும் பயிற்சியால் திருத்தலாம். கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய ‘11 பிளஸ்’ என்ற தயார்ப் பயிற்சிக்கு 20 நிமிடம் போதும்: மெதுவோட்டம், உட்கார்ந்து எழுதல், ஒற்றைக்காலில் நிற்றல், முட்டி மடங்க மெத்தென்று குதித்திறங்கல். முறையாகச் செய்த இளம் வீராங்கனைகளிடம் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக நார்வே ஆய்வு ஒன்று காட்டியது. கருவி எதுவும் வேண்டாம், கபடிக்காரர்களும் செய்யலாம். நின்றபடி காலை இழுத்துவிட்டு உடனே களமிறங்கும் நம் வழக்கம் இதற்கு ஈடாகாது.

ஜவ்வு கிழிந்த எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. செய்துகொண்டவர்கள் 9 மாதத்துக்கு முன் களத்துக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம்.

போட்டி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே அணியை ஒரே இரவில் அடுத்தடுத்து ஆட வைக்காதீர்கள். களைத்த கால் சரியாக ஊன்றாது. பரிசுத் தொகையைக் கொஞ்சம் குறைத்தாவது போட்டியை இன்னொரு நாளுக்கு நீட்டுங்கள்.