சீலியாக் நோய்: அரிசி உண்ணும் ஊருக்கும் பரிசோதனை வேண்டும்



கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். அதை உண்ணும்போது உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கினால் அது சீலியாக் நோய். சத்துகளை உள்வாங்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். தீராத வயிற்றுப்போக்கு, உப்புசம், உடல் மெலிவு, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அடங்காத ரத்தசோகை, எலும்பு பலவீனம், பிள்ளைகளின் வளர்ச்சி தடைபடுவது எனப் பல வடிவங்களில் அது வெளிப்படும். கோதுமையே காரணம் என்பதை நெதர்லாந்தின் குழந்தைகள் நல மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னும், தமிழ்நாட்டில் இத்தகைய தொல்லையோடு வருபவருக்கு 'கேஸ்', 'அல்சர்' என்று மாத்திரை எழுதப்படுகிறதே தவிர, சீலியாக் பரிசோதனை எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அது வடநாட்டு நோய் என்ற எண்ணமே காரணம்.

அந்த எண்ணத்துக்கு ஆய்வின் முழு ஆதரவு இல்லை. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் வடக்கில் 1.23 விழுக்காட்டினருக்கும், அரிசியே பிரதானமான வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினருக்கும், தெற்கில் 0.10 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அரிசிச் சோறு மட்டுமே காப்பு அல்ல என்பதற்கு வடகிழக்கின் கணக்கே சான்று. நோய்க்கு இடம்தரும் மரபணுவும் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் காணப்பட்டது. தெற்கின் ஆயிரத்தில் ஒருவர் என்ற விகிதத்தைத் தமிழ்நாட்டுக்குப் பொருத்தினாலே, வயதுவந்தோரில் 50,000 பேருக்கு மேல் இந்த எதிர்ப்பொருள் இருக்கக்கூடும். சீலியாக்கை அரிய நோய் என்று ஒதுக்குவது நியாயமல்ல.

தமிழ்நாடு இன்று அரிசி மட்டும் உண்ணும் மாநிலமும் அல்ல. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வாங்கலாம். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் இரவில் சப்பாத்திக்கு மாறுகிறார்கள். அவர்களில் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சீலியாக் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கோதுமையைக் கொடுக்கும் அரசுக்கு, அது ஒத்துக்கொள்ளாதவர்களைக் கண்டறியும் கடமையும் உண்டு.

பரிசோதனை சிக்கலானதல்ல; ஆனால் வரிசை முக்கியம். முதலில் ரத்தத்தில் டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருளும், கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் பார்க்க வேண்டும். ஐ.ஜி.ஏ. குறைவாக உள்ளவர்களுக்கு முதல் சோதனை நோய் இல்லை என்று பொய்யாகக் காட்டிவிடும். எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால் எண்டோஸ்கோப்பி வழியே முன்சிறுகுடலில் பல இடங்களில் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்வது வழக்கம். இவை முடியும்வரை நோயாளி கோதுமையை நிறுத்தக் கூடாது. 'சப்பாத்தியை விட்டுப் பாருங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால், எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, நோய் பிடிபடாமலே போகும். பிறகு உறுதி செய்ய மறுபடி கோதுமை உண்டு துன்பப்பட நேரும்.

கண்டறிந்த பின் சிகிச்சை என்பது ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத உணவே. இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு என்று உண்ணும் வீட்டில் அது கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. ஆனால் சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. சில்லறையாக விற்கும் பெருங்காயத்தில் எந்தக் குறிப்பும் இருக்காது. பாக்கெட்டில் ஒவ்வாமைக் குறிப்பு கட்டாயம் என்றாலும், அது ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் குளூட்டன் இருந்தால்தான் 'குளூட்டன் இல்லாதது' எனலாம் என்ற விதி, குறிப்பைப் படிக்க முடியாதவருக்குப் பயன் தராது.

நோயையும் உணவையும் சோதிக்க வேண்டிய அமைப்புகள் கிண்டியிலேயே இருக்கின்றன. 1899-இல் தொடங்கிய கிங் நிறுவன வளாகத்தில்தான் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடமும், 2023 ஜூனில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையும் அமைந்துள்ளன. மக்கள் நல்வாழ்வுத் துறை செய்ய வேண்டியவை மூன்று. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத ரத்தசோகை, முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளோருக்கும், சீலியாக் நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் அரசு மருத்துவமனைகளில் இந்த ரத்தப் பரிசோதனையை வழக்கமாக்கி, அது எங்கெங்கே கிடைக்கும் என்று அறிவிக்க வேண்டும். பெருங்காயம், மசாலாப் பொடி மாதிரிகளில் குளூட்டனைச் சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும். கோதுமை கலந்த பொருளில் அந்தச் செய்தியைத் தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தை வலியுறுத்த வேண்டும்.

— ஒரு வாசகர்,
கிண்டி, சென்னை