அணைக்கு மேலேயும் பாருங்கள்

மலேசியாவில், கேமரன் மலையின் கோலா தெர்லாவில் அரை மெகாவாட் அளவிலான குட்டி நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. எண்ணெயும் வேண்டாம், புகையும் வராது. அதே மலையில், ரிங்லெட்டில் 1963இல் எழுந்த சுல்தான் அபு பக்கார் அணையின் மின்சாரமும் தூய்மையானதுதான். ஆனால், மேலே சரிவுகளில் காடழித்துப் போட்ட தோட்டங்களின் மண் மழைக்கு மழை இறங்கி நீர்த்தேக்கத்தைத் தூர்த்தது. 2013 அக்டோபரில் நள்ளிரவு கடந்து அணை திறக்கப்பட, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின.

தூய்மையை அணையில் மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு மேலே நடப்பதையும் பார்க்க வேண்டும். மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் பேச்சுக்கும் இதுவே பாடம். ஹைட்ரஜனை அழுத்தி, உருளையில் அடைத்து மலைப்பாதையில் ஏற்றுவது பெரும்பாடு. மெத்தனால் திரவம், டீசலைப் போலவே பீப்பாயில் லோரி ஏறிவிடும். (கள்ளச்சாராயச் சாவுகளில் பெயர் அடிபடுவதும் இதுதான் என்பதால், தோட்டப்புறங்களில் வைத்தால் பூட்டு கட்டாயம்.) நீராவியோடு சேர்த்து, செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த வினையூக்கி மேல் சுமார் 250 டிகிரியில் செலுத்தினால் ஹைட்ரஜன் பிரிகிறது. சூடு 300ஐத் தாண்டினால் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வேலை மந்தமாகும். கூடவே கசியும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தின் பிளாட்டினத்தை முடக்கும். 2013இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ருத்தீனியத்தைக் கொண்டு 100 டிகிரிக்குக் கீழேயே மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துக் காட்டினார்கள். 2019இல் இந்தியா வெளியிட்ட, மெத்தனாலில் ஓடக்கூடிய 5 கிலோவாட் எரிபொருள் கலத்தில் தமிழ்நாட்டின் காரைக்குடி ஆய்வகத்தின் கையும் இருந்தது.

இவை பெரிய சாதனைகள், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 5.3 கிலோ மெத்தனால் செலவாகி, 7.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். எந்த வினையூக்கியாலும் இந்தக் கணக்கைக் குறைக்க முடியாது. அந்தக் கரி எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. லாபுவானில் பெட்ரோனாஸ் தயாரிக்கும் மெத்தனால் இயற்கை எரிவாயுவில் பிறந்தது. அதைப் பிரித்துக் கிடைக்கும் ஹைட்ரஜனால் டீசல் ஜெனரேட்டரின் கரும்புகையும் இரைச்சலும் ஒழியும், வரவேற்போம். 'தூய' முத்திரை மட்டும் கூடாது.

2023 அக்டோபரில் ஹைட்ரஜன் பெருந்திட்டத்தை வெளியிட்ட மலேசிய அரசு, ஆய்வு மானியத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். செம்பனை ஆலைக் கழிவுநீரில் எழும் உயிரி எரிவாயுவிலிருந்தும் மெத்தனால் செய்யலாம். அந்த வாயுவில் கந்தகம் உண்டு. செம்பு வினையூக்கிக்குக் கந்தகம் விஷம். சுத்தமான ஆய்வகப் புட்டியில் சில மணி நேரம் ஓடிய வினையூக்கிக்குப் பணம் கொடுத்தது போதும். உள்நாட்டுக் கழிவிலிருந்து வந்த சரக்கில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பதற்குக் கொடுங்கள். சோதனைக்கு இடம் தேடி அலைய வேண்டாம். மலைத் தோட்டங்களில் ஜெனரேட்டர்களுக்குப் பஞ்சமில்லை. விற்கும் நிறுவனம் எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனுக்கும் எரிவாயுக் கிணற்றடியிலிருந்தோ ஆலைக் குட்டையிலிருந்தோ தொடங்கி வெளியான மொத்தக் கரியமில வாயுவை பில்லிலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் வரட்டும்.